இரு கம்பிகளின் மொழி

மாந்தர் ஒருவரோடொருவர் உரையாடுதற்கு நாவும் செவியும் கருவிகளாக உள்ளன. பொறிகளின் உறுப்புகள் தம்முள் உரையாடுதற்கு மின்கம்பிகள் கருவிகளாக உள்ளன. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் உட்புறத்தைக் கண்டோர், பலகை ஒன்றன்மேல் கரிய நிறமுடைய சிறு சில்லுகள் பல பதிக்கப்பெற்றிருத்தலை அறிவர். அவற்றுள் ஒன்று நிலையங்களைத் தேர்ந்தெடுக்கும். ஒன்று ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஒன்று பார்ப்பவர் விரும்பிய நிலையங்களை நினைவில் வைத்திருக்கும். மற்றொன்று இவை அனைத்தையும் ஏவி நடத்தும். ஒன்றன் நிலையை மற்றொன்று அறியாவிடின் பெட்டி செவ்வனே இயங்காது.

பண்டு இத்தகைய உறுப்புகளை இணைத்தற்குக் கம்பிகள் பல வேண்டியிருந்தன. கணிப்பொறிகளின் மொழி 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆயது. அக்குறி ஒவ்வொன்றும் பிட் எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட் ஆகும். எட்டுப் பிட்டுகளையும் ஒரே நேரத்தில் அனுப்புதற்கு எட்டுக் கம்பிகள் வேண்டும். எந்த உறுப்பிற்கு அனுப்புவது என்று குறித்தற்கு மேலும் சில கம்பிகள் வேண்டும். கம்பிகள் பெருகவே சில்லுகளின் கால்கள் பெருகின. பலகையின் பரப்பு விரிந்தது. செலவும் பழுதும் உடன் வளர்ந்தன.

இக்குறையை நீக்கும் பொருட்டு, நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகரில் 1891-ஆம் ஆண்டு தோன்றிய பிலிப்ஸ் நிறுவனத்தார், 1982-ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தனர். பல உறுப்புகளையும் இரண்டே கம்பிகளில் கோத்து, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை அது. ஒருங்கிணைந்த சுற்றுகளுக்கு இடையே அமைந்தது என்னும் பொருளில் அதற்கு ‘இன்டர் இன்டகிரேட்டட் சர்க்யூட்’ என்று பெயரிட்டனர். அப்பெயரே சுருங்கி ‘ஐ-ஸ்குவேர்டு-சி’ என வழங்குகிறது. இன்று கணிப்பொறியின் வெப்பத்தை அளக்கும் உணரிகள், திரையின் இயல்புகளைக் கணிப்பொறிக்கு அறிவிக்கும் நினைவுச் சில்லு, நேரம் காட்டும் சில்லு எனப் பலவும் இம்முறையைப் பின்பற்றிப் பேசுகின்றன.

இவ்வுறுப்புகளின் பேச்சு மனிதர் செவிக்கு எட்டாது. ஆயினும் பொறி பழுதுற்றபோது, எவ்வுறுப்பு யாது கூறிற்று என்பதை அறிந்தாலன்றிப் பழுதின் காரணம் புலப்படாது. ஆதலின் கம்பிகளின் நிலையைப் பதிவு செய்து, அப்பதிவினின்றும் பொருளைப் பிரித்துணரும் நிரல்களை அறிஞர் இயற்றியுள்ளனர். நிரல் என்பது கணிப்பொறி செய்யவேண்டியவற்றை வரிசைப்பட எழுதிய கட்டளைத் தொகுதியாகும். அத்தகைய நிரல் எங்ஙனம் பொருள் காண்கிறது என்பதும், எவ்விடத்தில் அது வழுவக்கூடும் என்பதும் அறியத்தக்கனவாம்.

கம்பிகளின் இயல்பு

இரண்டு கம்பிகளுள் ஒன்று எஸ்.சி.எல். எனப்படும். அது காலத்தை அளந்து காட்டுவது. ஆதலின் அதனைத் தாளக் கம்பி எனலாம். மற்றொன்று எஸ்.டி.ஏ. எனப்படும். அது செய்தியைச் சுமந்து செல்வது. ஆதலின் அதனைத் தரவுக் கம்பி எனலாம். இசையரங்கில் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் தாளம் எவ்வாறு பொதுவாக நிற்கிறதோ, அவ்வாறே அனுப்பும் உறுப்பிற்கும் ஏற்கும் உறுப்பிற்கும் தாளக் கம்பி பொதுவாக நிற்கிறது.

ஒவ்வொரு கம்பியும் ஒரு மின்தடையின் வழியே மின்வழங்கியோடு பிணைக்கப்பட்டிருக்கும். எவரும் தொடாதபோது கம்பி மேல்நிலையில் இருக்கும். அந்நிலை 1 என்னும் குறியைக் காட்டும். ஓர் உறுப்பு அதனை நிலத்தோடு இணைத்துத் தாழ்த்தும்போது கம்பி கீழ்நிலைக்கு வரும். அந்நிலை 0 என்னும் குறியைக் காட்டும். எந்த உறுப்பும் கம்பியை வலிந்து உயர்த்துவதில்லை. தாழ்த்துவதும் கைவிடுவதுமே அதன் செயல்கள்.

முற்காலப் பேருந்துகளில் கூரையின்கீழ் நெடுகக் கட்டியிருந்த மணிக்கயிறு இதற்குத் தக்க உவமையாகும். எப்பயணி இழுப்பினும் கயிறு கீழே வரும். அனைவரும் கைவிட்டபொழுதே அது மேலே செல்லும். இருவர் ஒருங்கே இழுப்பினும் கயிற்றிற்குக் கேடில்லை. கம்பிகளும் அத்தகையனவே. எனவேதான் பல உறுப்புகள் ஒரே கம்பியில் தீங்கின்றி வாழ முடிகிறது.

பேச்சின் விதிகள்

பல உறுப்புகள் கூடிய அவையில் ஒழுங்கின்றேல் பேச்சு கூச்சலாய் முடியும். ஆகவே சில விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

முதல் விதி தரவைப் பற்றியது. தாளக் கம்பி மேல்நிலையில் இருக்கும்வரை தரவுக் கம்பி அசையலாகாது. தாளம் தாழ்ந்திருக்கும்போது மட்டுமே தரவை மாற்றுதல் வேண்டும். எனவே தாளம் உயர்ந்துள்ள பொழுதில் தரவுக் கம்பி எந்நிலையில் உள்ளதோ அதுவே அப்போதைய பிட் ஆகும்.

இரண்டாம் விதி தொடக்கத்தையும் முடிவையும் பற்றியது. தாளம் உயர்ந்திருக்கையில் தரவு அசையலாகாது என்று மேலே கூறப்பட்டது. அவ்விதியை வேண்டுமென்றே மீறுவதன் வாயிலாகவே தொடக்கமும் முடிவும் உணர்த்தப்படுகின்றன. தாளம் மேல்நிலையில் இருக்கத் தரவு மேலிருந்து கீழே இறங்கின், அது தொடக்கம். தாளம் மேல்நிலையில் இருக்கத் தரவு கீழிருந்து மேலே ஏறின், அது முடிவு. செய்திக்குள் வேறெங்கும் இவ்வசைவு நிகழாது. ஆதலின் தொடக்கத்தையும் முடிவையும் தரவோடு மயங்குவதற்கு இடமில்லை.

மூன்றாம் விதி ஒப்புதலைப் பற்றியது. எட்டுப் பிட்டுகள் சென்றபின், அனுப்பிய உறுப்பு தரவுக் கம்பியைக் கைவிடும். ஒன்பதாம் தாளத்தில் ஏற்கும் உறுப்பு அதனைத் தாழ்த்துமாயின், ‘ஏற்றேன்’ என்பது பொருள். தாழ்த்தாது விடின் கம்பி மேலேயே நிற்கும். அஃது ஏலாமையைக் குறிக்கும். எனவே ஒரு பைட்டிற்கு ஒன்பது தாளங்கள் என்பது கணக்கு.

நான்காம் விதி முகவரியைப் பற்றியது. தொடக்கத்தை அடுத்து வரும் முதல் பைட்டின் ஏழு பிட்டுகள், எவ்வுறுப்பை நோக்கிய பேச்சு என்பதைக் காட்டும். எட்டாம் பிட், செய்தியின் திசையைக் காட்டும். அது 0 ஆயின் கொடுத்தல். 1 ஆயின் கேட்டல். ஏழு பிட்டுகளால் 128 முகவரிகள் அமையும். அவற்றுள் 16 சிறப்புப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டன. எஞ்சிய 112 முகவரிகள் உறுப்புகளுக்கு உரியன.

தாளத்தை நடத்தி ஏவும் உறுப்பையும், ஏவலை ஏற்கும் உறுப்பையும் முன்னர் ஆண்டான், அடிமை என்னும் பொருளுடைய சொற்களால் குறித்தனர். 2021-ஆம் ஆண்டில் வெளியான விதிநூலில் அச்சொற்கள் நீக்கப்பட்டுக் கட்டுப்படுத்தி, இலக்கு என்னும் பொருளுடைய சொற்கள் இடம்பெற்றன.

ஓர் எடுத்துக்காட்டு

டி.எஸ்.1307 என்பது நேரத்தைக் கணக்கிட்டு வைத்திருக்கும் ஒரு சில்லு. பொறிக்கு மின்சாரம் நின்றாலும் ஒரு சிறு மின்கலத்தின் துணையால் அது காலத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். அதன் முகவரி 1101000. பத்தடிமான முறையில் இதன் மதிப்பு 104 ஆகும். அதனுள் வினாடி, நிமிடம், மணி முதலியன தனித்தனி அறைகளில் உள்ளன. வினாடிக்கு உரிய அறையின் எண் 0.

‘இப்போது வினாடி என்ன?’ என்று ஏவும் உறுப்பு வினவுகிறது எனக் கொள்வோம். கம்பிகளில் நிகழ்வன பின்வருமாறு அமையும். முதலில் தொடக்கம். அடுத்து 1101000 என்னும் முகவரியும், கொடுத்தலைக் குறிக்கும் 0 என்னும் பிட்டும் செல்லும். சில்லு ஒப்புதல் தரும். பின்னர் 00000000 என்னும் அறை எண் செல்லும். சில்லு மீண்டும் ஒப்புதல் தரும். உடனே முடிவின்றியே மற்றொரு தொடக்கம் நிகழும். இதனை மீள்தொடக்கம் என்பர். அதே முகவரியும், கேட்டலைக் குறிக்கும் 1 என்னும் பிட்டும் செல்லும். சில்லு ஒப்புதல் தந்து, 01011001 என்னும் பைட்டைத் தானே அனுப்பும். ஏவும் உறுப்பு ஒப்புதல் தராது விட்டு, முடிவைக் காட்டும்.

இச்சிறு வினாவும் விடையும் நான்கு பைட்டுகளால் ஆயின. பைட்டிற்கு ஒன்பதாக 36 தாளங்கள் ஆயின. வினாடிக்கு 1,00,000 பிட்டுகள் செல்லும் இயல்பான விரைவில், இவ்வளவும் ஏறத்தாழ 360 மைக்ரோ வினாடிகளில் முடிந்துவிடும். மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு.

நிரல் பொருள் காணும் முறை

தமிழ் இலக்கணத்தின் தொன்னூலாகிய தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்துள்ளது. எழுத்தை அறிந்தே சொல்லை அறிதல் வேண்டும். சொல்லை அறிந்தே பொருளை அறிதல் வேண்டும். கம்பிகளின் மொழியைப் படிக்கும் நிரலும் இம்மூன்று படிகளையே ஏறிச் செல்கிறது.

முதற்படி எழுத்து. லாஜிக் அனலைசர் என்னும் பதிவுக் கருவியை இரு கம்பிகளோடும் இணைப்பர். அக்கருவி கம்பிகளைத் தாழ்த்துவதில்லை. பேச்சில் கலந்துகொள்வதும் இல்லை. குறித்த இடைவெளியில் இரு கம்பிகளின் நிலையையும் ஒருசேர நோக்கி எழுதிக்கொண்டே செல்லும். அதன் பதிவு, 0, 1 என்னும் எண்களின் இணைகளால் ஆன நெடிய பட்டியலாகும்.

நிரல் அப்பட்டியலை முதலிலிருந்து ஒவ்வோர் இணையாகப் படிக்கும். படிக்கும்போது நான்கு செய்திகளை நினைவில் கொள்ளும். தாளத்தின் முந்தைய நிலை, தரவின் முந்தைய நிலை, இதுவரை சேர்ந்த பிட்டுகளின் எண்ணிக்கை, அவற்றால் உருவாகிவரும் எண் என்பன அவை. முந்தைய நிலையையும் இப்போதைய நிலையையும் ஒப்பிட்டு, நிரல் மூன்று வினாக்களை எழுப்பும்.

தாளம் முன்னும் மேலே, இப்போதும் மேலே. தரவு மட்டும் கீழே இறங்கியதா? ஆம் எனின் அது தொடக்கம். எண்ணிக்கையையும் எண்ணையும் நீக்கிவிட்டு, அடுத்து வருவது முகவரி என நிரல் குறித்துக்கொள்ளும். தாளம் மேலே நிற்கத் தரவு மேலே ஏறியதா? ஆம் எனின் அது முடிவு. தாளம் கீழிருந்து மேலே ஏறியதா? ஆம் எனின் தரவின் நிலையைப் பிட்டாகக் கொள்ளும். இம்மூன்றும் அல்லாத இடங்களில் நிரல் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

இரண்டாம் படி சொல். பிட்டுகள் உயர்மதிப்புடையது முதலாக வருகின்றன. புதிய பிட் ஒன்று வரும்போதெல்லாம், அதுவரை இருந்த எண்ணை இரட்டித்து, வந்த பிட்டை அதனோடு கூட்டினால் போதும். மேற்கூறிய முகவரியை எடுத்துக்கொள்க. 1, 1, 0, 1, 0, 0, 0 என்னும் பிட்டுகள் வரிசையாக வருகையில், எண் 1, 3, 6, 13, 26, 52, 104 என வளரும். எட்டாவதாக வரும் 0 என்னும் திசைப் பிட்டையும் சேர்ப்பின் 208 ஆகும். ஒன்பதாவதாக வருவது ஒப்புதல் பிட். அதனை எண்ணோடு கூட்டாது தனியே குறித்துக்கொண்டு, நிரல் அடுத்த பைட்டிற்கு எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. முடிவைக் காட்டுவதற்கு முன் ஏவும் உறுப்பு தாளத்தை உயர்த்தியாக வேண்டும். மீள்தொடக்கத்திற்கு முன்னும் அங்ஙனமே. தாளம் உயர்ந்தவுடன் நிரல் அதனைப் புதிய பைட்டின் முதல் பிட் என்று கருதி எடுத்துக்கொள்ளும். பின்னரே தரவு அசைந்து, அது பிட் அன்று என்பது தெரியவரும். ஆகவே முடிவோ மீள்தொடக்கமோ தோன்றியவுடன், அவ்வாறு சேர்ந்த ஒரு பிட்டை நிரல் தள்ளிவிடுதல் வேண்டும். தள்ளப்படுவது ஒரு பிட் ஆயின் அஃது இயல்பு. இரண்டு முதல் எட்டு வரையிலான பிட்டுகள் தேங்கி நிற்பின், செய்தி இடையில் முறிந்தது என்பது பொருள். அம்முறிவை நிரல் மறையாது அறிவித்தல் வேண்டும்.

மூன்றாம் படி பொருள். 01011001 என்னும் பைட் எதைக் குறிக்கிறது என்பதைக் கம்பிகள் கூறுவதில்லை. அதனை அறிதற்கு, அச்சில்லின் இயல்பைக் கூறும் குறிப்பேட்டை நோக்குதல் வேண்டும். டி.எஸ்.1307 தன் எண்களைப் பத்தின் இடத்திற்கு நான்கு பிட்டுகள், ஒன்றின் இடத்திற்கு நான்கு பிட்டுகள் எனப் பிரித்து வைக்கிறது. 0101 என்பது 5. 1001 என்பது 9. எனவே விடை 59 வினாடி.

இம்மூன்று படிகளையும் தனித்தனி நிரல்களாக எழுதுதல் அறிவுடைய முறையாகும். சிக்ராக் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுதி இதற்கு நல்ல சான்று. அதில் பைதான் மொழியில் எழுதப்பட்ட பல நிரல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று இரு கம்பிகளின் பதிவை முகவரியாகவும் பைட்டுகளாகவும் பிரிக்கும். டி.எஸ்.1307-க்கு உரிய மற்றொன்று, அதன்மேல் அமர்ந்து அப்பைட்டுகளை நேரமாக மாற்றும். எழுத்தையும் சொல்லையும் படிக்கும் நிரல் ஒன்றே பல சில்லுகளுக்கும் பயன்படும். பொருள் கூறும் நிரல் மட்டும் சில்லுக்கு ஏற்ப மாறும்.

நோக்கும் விரைவு

பதிவுக் கருவி எவ்வளவு விரைவாகக் கம்பிகளை நோக்குதல் வேண்டும் என்பதும் எண்ணத்தக்கது. இயல்பான விரைவில் தாளம் குறைந்தது 4 மைக்ரோ வினாடியேனும் மேலே நிற்கும். மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை நோக்கும் கருவி அதனை நான்கு முறையேனும் காணும், ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் வினாடிக்கு 4,00,000 பிட்டுகள் செல்லும் விரைவு முறையும் 1992-ஆம் ஆண்டு விதிநூலில் சேர்க்கப்பட்டது. அம்முறையில் தாளம் 0.6 மைக்ரோ வினாடி மட்டுமே மேலே நிற்றலும் கூடும். முன்னைய கருவி கண்ணிமைக்கும் இடைவெளியில் தாளம் ஏறி இறங்கிவிடும். ஒரு பிட் தவறின் அதனை அடுத்த பிட்டுகள் அனைத்தும் ஓரிடம் முன் நகரும். பின்னர்ப் படிக்கும் பைட்டுகள் யாவும் பொய்யாகும். இவ்விடத்தில் நிரலைத் திருத்துவதால் பயனில்லை. நோக்கும் விரைவைக் கூட்டுதலே வழி.

விரைவு மிகுதலிலும் ஓர் இடர் உண்டு. அருகிலுள்ள மின்பொறிகளால் கம்பியில் எழும் நொடிப்பொழுதுத் துடிப்புகளும் பதிவில் விழும். தாளம் மேலே நிற்கையில் தரவுக் கம்பியில் அத்தகைய துடிப்பு எழுமாயின், நிரல் அதனைத் தொடக்கம் என்றோ முடிவு என்றோ மயங்கும். ஆதலின் ஒரு நிலை அடுத்தடுத்துச் சில முறை மாறாது தோன்றிய பின்னரே அதனை மெய்யெனக் கொள்ளுமாறு நிரலை அமைப்பர்.

தாளம் தாழ்ந்து நீடித்தலோ நிரலுக்கு இடராகாது. விடைதர நேரம் வேண்டும் உறுப்பு, தாளக் கம்பியைச் சிறிது நேரம் தாழ்த்திப் பிடித்து, ஏவும் உறுப்பைக் காக்க வைத்தலும் உண்டு. நிரல் காலத்தை எண்ணாது, தாளத்தின் ஏற்றத்தையே எண்ணுவதால், அத்தாமதம் பொருளைக் கெடுப்பதில்லை.

பிழைபடப் பொருள் கொள்ளுதல்

நிரல் எழுதுவோரும் அதன் விடையைப் படிப்போரும் வழுவும் இடங்கள் சில உள. அவற்றால் விளையும் தீமை சிறிதன்று. குற்றமற்ற சில்லைக் குற்றமுடையது என்று கழற்றி எறிந்து, பழுதை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தல் அதன் பயனாகும்.

முகவரியையும் திசைப் பிட்டையும் சேர்த்து 208 என்று ஒரு நிரல் காட்டுகிறது எனக் கொள்க. அதனைப் படித்தவர், 104 என்னும் முகவரியுடைய சில்லைப் பற்றிய பேச்சே பதிவில் இல்லை என்று முடிவு செய்வார். சில குறிப்பேடுகளும் முகவரியை இவ்வாறு எட்டுப் பிட்டாகவே அச்சிடுவதால் மயக்கம் மிகும். ஏழு பிட்டுகளால் அமையும் எண் 127-ஐக் கடவாது என்பதை நினைவில் கொண்டால் இப்பிழை நேராது.

பொருள் காணும் படியில் நிகழும் பிழை இன்னும் நுண்ணியது. வினாடியின் பைட்டை நான்கு நான்காகப் பிரிக்காது நேரே மதிப்பிட்டால், 59 என்பது 89 எனத் தோன்றும். ஒரு நிமிடத்தில் 89-ஆம் வினாடி என்பது இல்லையாதலின் இப்பிழை எளிதில் வெளிப்படும். ஆயினும் 0 முதல் 9 வரையிலான வினாடிகளை இருமுறையாலும் படிப்பின் ஒரே விடையே வரும். பத்தாம் வினாடியில்தான் பிழை தலைகாட்டும். 9-ஐ அடுத்து 16 எனத் தோன்றும். முதல் ஒன்பது வினாடிகளை மட்டும் சோதித்தவர், தம் நிரல் பழுதற்றது என்று உள்ளம் மகிழ்வார். ஓரிடத்தில் சரியாக வந்தமை ஓரிடத்திற்கே சான்றாகும்.

மூன்றாவது, ஏலாமையைப் பற்றிய மயக்கம். ஒப்புதல் இல்லாத இடமெல்லாம் பிழையென்று சில நிரல்கள் செந்நிறத்தில் காட்டும். முகவரியை அடுத்து ஒப்புதல் வரவில்லையெனின், அம்முகவரியில் விடைதருவார் இல்லை என்பது பொருள், அஃது ஆராயத்தக்கது. ஆனால் கேட்டலின் இறுதிப் பைட்டிற்கு ஏவும் உறுப்பு ஒப்புதல் தராமை, ‘இதுபோதும்’ என்னும் விதிப்படியான குறியே. மேலே கூறிய எடுத்துக்காட்டிலும் 59 என்னும் விடையை அடுத்து ஒப்புதல் இல்லை. அதனை மட்டும் கண்டு சில்லைப் பழித்தல், தீர ஆராயாது கோவலனைக் கள்வன் என்று துணிந்த பாண்டியன் செயலை ஒக்கும். இரண்டும் ஒரே குறியாயினும், நின்ற இடத்தால் பொருள் வேறுபடுகின்றன.

நிரல் அறியக்கூடாத ஒன்றும் உண்டு. கம்பி தாழ்ந்தது என்பதே பதிவில் தெரியும். தாழ்த்தியது எவ்வுறுப்பு என்பது தெரியாது. மணிக்கயிறு இறங்கியதைக் கண்ட நடத்துனர், இழுத்தவர் யார் என்று அதனைக்கொண்டே அறிய இயலாதவாறு போல்வது இது. ஒரே முகவரியுடைய இரண்டு சில்லுகளை அறியாது கோத்துவிட்டால், இரண்டும் ஒருங்கே ஒப்புதல் தரும். பதிவில் அது ஓர் ஒப்புதலாகவே தோன்றும். ‘இவ்வுறுப்பு கூறிற்று’ என நிரல் எழுதுவது விதிகளைக்கொண்டு உய்த்துணர்ந்ததே அன்றி, கண்டது அன்று. கண்டதையும் உய்த்துணர்ந்ததையும் வேறு பிரித்து அறிதல் ஆராய்வோர் கடனாகும்.

அறியாததை அறியாததாகவே விடுதல்

பதிவுக் கருவியை இயக்கும் நேரத்தில் உறுப்புகள் பேச்சின் நடுவில் இருத்தல் கூடும். அப்போது பதிவில் முதலில் விழும் பிட்டுகள் முகவரியைச் சேர்ந்தனவோ, தரவைச் சேர்ந்தனவோ, பைட்டின் எத்தனையாம் பிட்டோ, ஒன்றும் துணிதற்கில்லை. அவற்றையும் எட்டு எட்டாகக் கூட்டிப் பைட்டுகள் என்று காட்டும் நிரல், பார்ப்பதற்கு நிறைவான விடையைத் தரும். ஆனால் அவ்விடை பொய். நல்ல நிரல் அப்பிட்டுகளைப் பொருள் கூறாது கடந்து, முதல் தொடக்கக் குறி தோன்றும்வரை காத்திருக்கும்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர் இந்நெறியை நன்கு அறிந்திருந்தனர். முதலேடுகள் இழந்த சுவடி கைக்கு வந்தபோது, இழந்த பகுதியைத் தாமே பாடிச் சேர்த்துவிடவில்லை. கிடைக்காத இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டி, கிடைத்த பகுதியை மட்டும் அச்சிட்டனர். படிப்போர் அவர்தம் பதிப்பை நம்பியதற்கு அதுவே காரணம். செதில் அரித்த ஏட்டைப் படிப்பவர்க்கும், துடிப்புகள் நிறைந்த கம்பியைப் படிக்கும் நிரலுக்கும் கடமை ஒன்றே.

இரு கம்பிகளின் மொழியில் விதிகள் சில, குறிகள் இரண்டே. அவற்றைப் படிக்கும் நிரலை உயர்நிலைப்பள்ளி மாணவரும் சில நாள் முயற்சியால் எழுதிவிடலாம். முதலில் ஒரு தாளில் தாளத்தையும் தரவையும் இரண்டு வரிகளாக வரைந்து, மேற்கூறிய வினாக்களைக் கையாலேயே எழுப்பிப் பார்த்தல் நலம். அங்ஙனம் பழகியோர், விதியின்படி வந்ததை உள்ளவாறே படிப்பர். முறிந்த செய்தியை முறிந்தது என்றே எழுதுவர். தொடக்கம் காணாத பிட்டுகளுக்குப் பொருள் கூறார். அவர்தம் நிரல் ஒரு சில்லைப் பழுதென்று கூறுமாயின், அச்சொல்லை நம்பி அச்சில்லைக் கழற்றலாம்.